'எல்லா நிலையினரும் வரலாம்' என்கிறார்களே, உண்மையா? பேக்கன்ட்ரி ஸ்கீ பயணம் பற்றிச் சில கேள்விகள்

நீலத்தடம்:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதுதான் என் முதல் பதிவு. கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று குளிர்காலமாக ஸ்கீ செய்கிறேன். எல்லாம் லிஃப்ட் உள்ள ரிசார்ட்டில், இயந்திரம் ஓட்டிச் சமன் செய்த தடத்தில்தான். மொத்தமாகக் கூட்டினால் இருபது, இருபத்தைந்து நாள் தேறும். நீலத் தடத்தில் பயமில்லாமல் இறங்குவேன், சிவப்பில் வேகத்தைப் பிடித்துப் பிடித்து இறங்கிவிடுவேன், கறுப்புப் பக்கம் போனதில்லை. மனைவி என்னைவிட எவ்வளவோ மேல், சின்ன வயதுப் பழக்கம், தடத்துக்கு வெளியேயும் போய் வந்திருக்கிறாள். அவள் தம்பி ஸ்னோபோர்டு ஆள். எந்தச் சரிவைக் காட்டினாலும் இறங்குவான், ஏறச் சொன்னால் மட்டும் லிஃப்ட் எங்கே என்று கேட்பான்.

இந்த முறை மூவரும் சேர்ந்து, வழிகாட்டி வைத்து நான்கு நாள் பேக்கன்ட்ரி போகலாம் என்று பேச்சு. லிஃப்ட் கிடையாது, ஸ்கீக்கு அடியில் ஸ்கின் என்கிற வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு ஏற வேண்டும், மேலே போய் அதை உரித்துவிட்டு யாரும் மிதிக்காத பனியில் இறங்க வேண்டும், இரவு மலைக்குடிலில் தங்கல். விளம்பரத்தில் 'எல்லா நிலையினருக்கும் ஏற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே இடுப்பளவு பவுடர் பனியில் ஒருவர் பறக்கிற படம். இரண்டும் எனக்கு ஒட்டவில்லை.

என் அளவு திறமை போதுமா? மூன்று பேரும் ஒரே குழுவில் போக முடியுமா? வழிகாட்டி கூடவே இருக்கும்போது பனிச்சரிவு பற்றியெல்லாம் நாமும் கற்றுக்கொள்ள வேண்டுமா, அது அவர் பாடு என்று விட்டுவிடலாமா? பணம் கட்டுவதற்கு முன்னால் நிறுவனத்திடம் என்னென்ன கேட்க வேண்டும்?


ஈரக்கையுறை:

உங்கள் பதிவைப் படித்ததும் ஐந்து வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. அதனால் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்காவது உதவட்டும்.

நானும் சிவப்புத் தடம் இறங்குகிற ஆள்தான். ஏறுவதைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன், மூன்று மாதம் மாடிப்படி ஏறிப் பழகினேன். முதல் நாள் காலை பார்த்தால் ஏற்றம் ஒன்றுமே இல்லை. ஸ்கின் பின்பக்கம் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கிற பைண்டிங், குதிகால் தூக்கி நடக்கிற மாதிரி திறந்திருக்கும், காலைத் தூக்கக்கூட வேண்டாம், இழுத்து இழுத்து வைத்தால் போதும். வழிகாட்டிக்குப் பின்னால் இரண்டாவது ஆளாகப் போனேன். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு மிதப்பு.

அப்புறம் இறங்க ஆரம்பித்தோம். முந்தைய நாள் வெயிலில் மேல்பனி உருகி, இரவில் இறுகி, அப்பளம் மாதிரி ஒரு ஓடு. ஸ்கீ அதை உடைத்துக்கொண்டு உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது, உடம்பு மட்டும் முன்னால் போகிறது. பதினான்கு வரைக்கும் விழுந்ததை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து, ஸ்கீயைத் தேடி, பூட்ஸுக்கு அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டி, பைண்டிங்கின் இரண்டு ஊசியும் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து மாட்ட மூன்று நிமிடம். கீழே ஐந்து பேர் நிழலில் குளிரில் நிற்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வழிகாட்டி அன்றைய இரண்டாவது ஏற்றத்தை ரத்து செய்துவிட்டுக் காட்டுப்பாதை வழியாக எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

எனவே நண்பரே, உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஏறுவதை ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள், கிக் டர்ன் தவிர. சரிவு அதிகமான இடத்தில் ஒரு ஸ்கீயைத் தூக்கி அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, மற்றதை உதைத்துப் பின்னால் கொண்டுவருகிற வேலை அது, வீட்டுக் கூடத்திலேயே பழகிக்கொள்ளலாம். இறங்குவதை யாரும் நான்கு நாளில் கற்றுக்கொடுக்க முடியாது. நீங்கள் செய்ய வேண்டிய சோதனை இது: ரிசார்ட்டுக்குள்ளேயே, எல்லைக் கயிற்றைத் தாண்டாமல், தடத்தின் ஓரத்தில் சமன் செய்யாத பனி இருக்கும் பாருங்கள், அதில் முதுகில் ஏழெட்டுக் கிலோ பையோடு, வரிசையாகப் பதினைந்து திருப்பம் விழாமல் செய்ய முடிகிறதா? அழகு வேண்டாம், மெதுவாக இருக்கலாம். புதுப்பனி, மிதிபட்டுக் கட்டியான பனி, மத்தியான ஈரப்பனி மூன்றிலும் பாருங்கள். முடிந்தால் தாராளமாகப் போங்கள். இல்லையென்றால் ஒரு சீசன் தள்ளிப்போடுங்கள், அல்லது சாய்வு குறைந்த இடங்களுக்கு மட்டும் போகிற அறிமுகப் பயணமாகப் பாருங்கள்.

இன்னொன்று, ஆழ்பனியில் பின்னால் சாய்ந்து நில் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தொடை எரிந்துபோகும், ஸ்கீயும் பேச்சைக் கேட்காது. நடுவில் நில்லுங்கள், இரண்டு ஸ்கீக்கும் கிட்டத்தட்டச் சமமாக எடை கொடுங்கள்.


ஒற்றைக்கோல்:

ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள். நான் மூன்று பயணம் போய்விட்டேன், பனியில் புதைந்தால் கண்டுபிடிக்க உடம்பில் கட்டிக்கொள்கிற பீக்கன் கருவியைக் காலையில் ஆன் செய்து மாலையில் ஆஃப் செய்ததோடு சரி. எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதற்குத்தானே வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கிறோம்? அவர் பின்னால் போங்கள், அனுபவியுங்கள்.


வடக்குமுகம்:

ஒற்றைக்கோல், கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரே ஒரு கேள்வி. வழிகாட்டியே புதைந்துவிட்டால் அவரை யார் தோண்டுவது?

எப்போதும் முன்னால் போகிறவர் அவர். சரிவைச் சோதிக்க முதலில் இறங்குகிறவரும் பெரும்பாலும் அவர்தான். பனிச்சரிவில் இறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்தப் பனிச்சரிவைக் கிளப்பிவிட்டதே அவர்களோ அவர்கள் குழுவில் ஒருவரோதான், மலை தானாக வந்து விழுவது குறைவு. புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணி ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே கஷ்டம் என்று சுவிட்சர்லாந்தின் பல வருடக் கணக்கு சொல்கிறது. ஹெலிகாப்டரைக் கூப்பிட்டு அது கிளம்பி வருவதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும். ஆகவே காப்பாற்றப் போகிறவர் பக்கத்தில் நிற்கிற ஆள்தான். உங்கள் விஷயத்தில், நீலத்தடம், அது நீங்கள், உங்கள் மனைவி, உங்கள் மச்சினன். அவர்கள் இரண்டு பேரில் ஒருவர் அடியில் இருக்கும்போது பீக்கனில் எந்தப் பொத்தான் தேடுவதற்கு என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பயணத்தின் முதல் நாள் காலையில் எந்த ஒழுங்கான வழிகாட்டியும் ஒரு மணி நேரமாவது பயிற்சி கொடுப்பார். அது போதாது, முன்னாலேயே பழகுங்கள். பீக்கன் எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசும், எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கும். ஒன்றைப் பைக்குள் வைத்து மணலிலோ பனியிலோ புதைத்துவிட்டு மற்றவர் தேட வேண்டும். அம்புக்குறி காட்டுகிற பக்கம் போங்கள், எண் குறைந்துகொண்டே வரும், மூன்று மீட்டருக்குக் கீழே வந்ததும் கருவியைப் பனிமேல் தாழ்த்திப் பிடித்துச் சிலுவை மாதிரி குறுக்கும் நெடுக்கும் மெதுவாக நகர்த்தி மிகக் குறைந்த எண்ணைப் பிடியுங்கள், அங்கிருந்து புரோப் என்கிற நீளக் குச்சியைச் சரிவுக்குச் செங்குத்தாகக் குத்தத் தொடங்குங்கள். தட்டுப்பட்டால் புரோப்பைப் பிடுங்காதீர்கள். நேர் மேலே நின்றும் தோண்டாதீர்கள், சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஆளை நோக்கி உள்ளே தோண்டிக்கொண்டு போக வேண்டும். பழகிப் பார்க்கும்போது எல்லோருக்கும் ஆச்சரியமாக இருப்பது இதுதான்: தேடிக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று நிமிடம், தோண்டத்தான் மீதி நேரமெல்லாம். சரிந்து நின்ற பனி சிமென்ட் மாதிரி இறுகிவிடும், பிளாஸ்டிக் ஷவல் அதில் உடையும், உலோகத் தகடுதான் வேண்டும்.

கைபேசியைப் பீக்கனிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், தேடும்போது 50. முடிந்தால் அணைத்தே வைத்துவிடுங்கள். நெஞ்சுப் பையில் கைபேசியை வைத்துக்கொண்டு படம் எடுத்தபடி வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

இன்னொரு விஷயம். இயன் மெக்கம்மன் என்பவர் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான பனிச்சரிவு விபத்துகளை எடுத்து ஆராய்ந்து, மனிதர்கள் எந்த எந்த மனப்பழக்கத்தால் மாட்டிக்கொள்கிறார்கள் என்று எழுதினார். அதில் ஒன்று, குழுவில் ஒருவர் விவரம் தெரிந்தவர் என்று முடிவு கட்டிவிட்டு மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வது. வழிகாட்டிகளும் மனிதர்கள்தான். நல்ல வழிகாட்டி, நடக்கும்போது காலுக்கடியில் 'வூம்ஃப்' என்று சத்தம் கேட்டது என்று நீங்கள் சொன்னால் நின்று கேட்பார். அடியில் இருக்கும் நொய்ந்த அடுக்கு உடைந்து மேலே இருக்கிற பனிப்பலகை உட்காருகிற சத்தம் அது. அதைச் சொல்வதற்காவது நமக்குக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டாமா?

இழுத்தால் விரிந்து ஆளைப் பனிக்கு மேலே வைத்திருக்க உதவுகிற காற்றுப்பை முதுகுப்பை வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். விரிந்தால் பலன் உண்டு, 2014இல் வந்த ஆய்வில் பெரிய பனிச்சரிவில் சிக்கியவர்களின் இறப்பு 22 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் மரத்தில் அடித்தாலோ பாறைமேல் தூக்கிப் போட்டாலோ பையால் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் பீக்கன், புரோப், ஷவல், அதோடு பயிற்சி. பை அப்புறம்.


மெதுநடை:

வடக்குமுகம் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் மற்ற கேள்விகளுக்கு வருகிறேன்.

'எல்லா நிலையினருக்கும்' என்ற வார்த்தைக்கு நேர்மையான அர்த்தம், எங்களிடம் எல்லா நிலைக்கும் ஒவ்வொரு பயணம் இருக்கிறது என்பது. நேர்மையில்லாத அர்த்தம், யார் வந்தாலும் ஒரே குழுவில் போட்டு இழுத்துக்கொண்டு போவோம் என்பது. விளம்பரத்தைப் பார்த்து எது என்று தெரியாது, தொலைபேசியில் தெரிந்துவிடும். நீங்கள் பேசத் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் அவர்கள் உங்களிடம் கேள்வி கேட்க ஆரம்பிக்க வேண்டும்: எத்தனை நாள் அனுபவம், தடத்துக்கு வெளியே போயிருக்கிறீர்களா, எவ்வளவு ஏறுவீர்கள், முழங்கால் எப்படி. ஒன்றுமே கேட்காமல் எந்தத் தேதி வேண்டும் என்று மட்டும் கேட்டால் வைத்துவிடுங்கள்.

நான் கேட்பவை இவை. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஆறுக்கு மேல் என்றால் எனக்குப் பிடிக்காது, பனியாற்றில் போவதென்றால் அதுவும் அதிகம். வழிகாட்டியின் தகுதி என்ன? ஐ.எஃப்.எம்.ஜி.ஏ. என்று சொன்னால் சரி, 1965இல் ஆரம்பித்த, மலை வழிகாட்டிச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு அது, பல வருடப் பயிற்சிக்கு அப்புறம்தான் அந்தத் தகுதி கிடைக்கும். சில நாடுகளில் ஸ்கீக்கு மட்டுமான வழிகாட்டிச் சான்றும் உண்டு, அதுவும் நல்லதுதான். அடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறோம்? இதற்கு எண்ணாகப் பதில் வர வேண்டும், 'மிதமான ஏற்றம்' என்றெல்லாம் சொல்லக் கூடாது. கடைசியாக, வானிலை கெட்டாலோ பனிச்சரிவு அபாயம் கூடினாலோ என்ன மாற்றுத் திட்டம்? ஐந்து நிலை அபாய அளவில் 3 என்பதை நடுவில் இருப்பதால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள், இறப்புகளில் பெரும்பங்கு அந்த மூன்றில்தான் நடக்கிறது.

மீட்டர் கணக்கை நேரமாக மாற்றிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, வெர்னர் முன்டர் என்ற சுவிஸ் வழிகாட்டி சொன்னது. தூரம் கிலோமீட்டரில் எத்தனையோ அத்தனை, ஏறுகிற ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒன்று, இரண்டையும் கூட்டி நான்கால் வகுத்தால் ஏற ஆகும் மணி. 5 கிலோமீட்டர் தூரம், 700 மீட்டர் ஏற்றம் என்றால் 5, 7, ஆக 12, நான்கால் வகுத்தால் மூன்று மணி நேரம். நிற்பது, ஸ்கின் மாற்றுவது எல்லாம் தனி. மூன்று மணி நேரம் பையோடு ஏறிவிட்டு அதற்கு மேல் தொடையில் தெம்பு மிச்சம் இருக்குமா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் ஈரக்கையுறை சொன்ன அந்தப் பதினைந்து திருப்பம் களைத்த காலோடுதான் நடக்கப் போகிறது.

உங்கள் அளவுக்கு 30 டிகிரிக்குக் கீழே இருக்கும் சரிவுகளில் போகிற பயணம் நிறையவே இருக்கிறது. பனி பலகையாக உடைந்து வருகிற பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30க்கும் 45க்கும் நடுவில்தான் கிளம்புகின்றன, அதனால் பாதுகாப்பும் கூடும். ஆனால் நாம் நிற்கிற இடம் 25 டிகிரி என்பதோடு முடியவில்லை, தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று பார்க்க வேண்டும், மேலே இருப்பதைக் கீழே இருந்தபடியே கிளப்பிவிடவும் முடியும். கனடாவில் 2004லிருந்து நிலப்பரப்பையே எளியது, சவாலானது, சிக்கலானது என்பதுபோலத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் நிறுவனமும் அந்த மாதிரி ஒரு தரத்தைச் சொல்ல முடிந்தால் நல்ல அடையாளம்.

ஸ்னோபோர்டு தம்பிக்கு: ஸ்பிளிட்போர்டு வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள், நடுவில் இரண்டாகப் பிரிந்து ஸ்கீ மாதிரி ஏற உதவும், மேலே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கவும் பிரிக்கவும் மற்றவர்களைவிட நேரம் பிடிக்கும், வீட்டிலேயே கையுறை போட்டுக்கொண்டு பத்து முறை செய்து பழகட்டும். மடக்குக் கோல் கட்டாயம். ஸ்கீக்காரர்கள் சுலபமாகத் தள்ளிக்கொண்டு போகிற சமதளப் பாதையில்தான் அவன் உங்களைத் திட்டுவான். முன்கூட்டியே வழிகாட்டியிடம் போர்டு ஆள் ஒருவர் வருகிறார் என்று சொல்லிவிட்டால் அதற்கேற்ற பாதை எடுப்பார்.


நீலத்தடம்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நேற்று அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பேசினேன். முதல் கேள்விக்கே தெரிந்துவிட்டது. ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பேர், தினமும் 1,200 மீட்டர் ஏற்றம், 'உற்சாகம் இருந்தால் போதும் சார்' என்றார். வைத்துவிட்டேன்.

இன்னொரு இடத்தில் பேசியபோது மெதுநடை சொன்ன மாதிரியே அவர்கள்தான் என்னை அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். என்னை அறிமுகக் குழுவில் போடுகிறார்களாம், ஒரு நாளைக்கு 500, 600 மீட்டர், சாய்வு குறைந்த இடம். மனைவிக்கும் அவள் தம்பிக்கும் அடுத்த நிலைக் குழு. இப்போது வீட்டில் இதுதான் பிரச்சினை. சேர்ந்து போகத்தானே கிளம்பினோம், பிரிந்து போவதற்கு எதற்கு என்கிறாள். வேண்டுமானால் நானும் உங்களோடு மெதுவான குழுவிலேயே வருகிறேன் என்கிறாள், ஆனால் முகத்தைப் பார்த்தால் மனதில்லை என்று தெரிகிறது.


ஒற்றைக்கோல்:

தனித்தனியாகவே போங்கள். நானும் என் தங்கையும் ஒரே குழுவில் போய் நான்கு நாளும் சண்டை. அவள் வேகத்துக்கு நானில்லை. குடில் ஒன்றுதானே, இரவில் பேச இரண்டு மடங்கு கதை இருக்கும்.

வடக்குமுகம், உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வரும் வாரம் பீக்கன் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.


மெதுநடை:

நடுவழி ஒன்று இருக்கிறது. முதல் நாள் மூவரும் அறிமுகக் குழுவில் சேர்ந்து போங்கள். மனைவிக்கும் ஸ்கின் போட்டு ஏறுவது புதிதுதானே, தடத்துக்கு வெளியே இறங்கியிருக்கிறாள் என்றால் ஏறியிருக்கிறாள் என்று ஆகாது. தம்பிக்கும் ஸ்பிளிட்போர்டு புதிது. இரண்டாவது நாளிலிருந்து அவர்கள் மேலே போகட்டும். நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள், ஒரே குடிலிலிருந்து இரண்டு குழுவும் கிளம்புவதாக இருந்தால் ஒத்துக்கொள்வார்கள். அவளுக்காக நீங்கள் மேல் குழுவுக்குப் போவது மட்டும் வேண்டாம். மனைவி கீழே நின்று காத்திருக்கும்போது அவசரப்பட்டு இறங்கி முழங்காலைத் திருகிக்கொண்டவன் சொல்கிறேன்.


நீலத்தடம்:

கேட்டேன், சரி என்றுவிட்டார்கள். முதல் நாள் சேர்ந்து, மற்ற மூன்று நாள் தனி. மனைவிக்கும் நிம்மதி, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. மச்சினன் கூடத்தில் கையுறையோடு போர்டைப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறான், இன்று காலை ஏழு நிமிடத்துக்கு வந்திருக்கிறான்.

கடைசியாக ஒன்று, ஸ்கீ பூட்ஸை வாடகைக்கு எடுக்கலாமா, வாங்கித்தான் ஆக வேண்டுமா?


ஈரக்கையுறை:

முதல் பயணத்துக்கு ஸ்கீ, ஸ்கின், பீக்கன் எல்லாம் வாடகை போதும். பூட்ஸும் வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே எடுத்து, வீட்டுக்குள் கணுக்கால் மடங்கி நடப்பதற்கான அதன் கொக்கியைத் திறந்துவிட்டு இரண்டு மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். இறங்கும்போது சரியாக இருக்கும் பூட்ஸ் ஏறும்போது குதிகாலை உரித்துவிடும். எங்கே சூடாக உராய்கிறதோ அங்கே கொப்புளம் வருவதற்கு முன்னாலேயே டேப் ஒட்டிவிடுங்கள், வந்த பிறகு ஒட்டினால் தோலோடுதான் வரும். உரித்த ஸ்கின்னைப் பனியில் போடாமல் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பசை குளிர்ந்துபோனால் அடுத்த ஏற்றத்தில் ஒட்டாது. கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொண்டு போங்கள். என் பெயரைப் பார்த்தாலே ஏன் என்று புரியும்.